ரத்தம், நான்கு கேலன்

ரத்தம், நான்கு கேலன்: மூன்று பவுண்டு பதினொரு ஷில்லிங்.
வௌவால், கம்பியோடு: ஒன்பது ஷில்லிங்.
அதே வௌவாலைப் பழுதுபார்க்க: பதினான்கு.

லார்ச்மியர் பிலிம்ஸின் வரலாற்றை எழுத
யாராவது வந்தால்
இந்தப் பேரேட்டைத்தான் கேட்க வேண்டும்.
வரவில்லை.
நான் ஹெஸ்டர் குவேஃப், கணக்குப் பிரிவு,
பத்தொன்பது வருடம்,
தேம்ஸ் ஆற்றின் ஈரம் சுவரில் ஏறும் அறை.

ஸ்டுடியோ என்றால் ஸ்டுடியோ இல்லை,
வாரிசற்றுப் போன ஒரு பங்களா.
மேடை வாடகையைவிட மலிவு என்று
டில்லிங் துரை வாங்கினார்.
கூரை ஒழுகியது.
அதையும் படம் பிடித்தார்கள்.

ஒரே ஒரு சுவர்தான் கோட்டை.
திருப்பி வைத்தால் சத்திரம்.
தீப்பந்தத்தோடு அதை முற்றுகையிட்ட ஊர்மக்கள்
எப்போதும் அதே பன்னிரண்டு பேர்,
அவர்களில் இருவர் பஸ் கண்டக்டர்கள்.
பந்தப்படி: அரை கிரவுன்.
கடைசி பஸ் ஒன்பதரைக்கு.
ஆகவே எங்கள் பேய்கள் எல்லாம்
ஒன்பதுக்குள் அழிந்தாக வேண்டும்.

கறுப்பு வெள்ளைக்கு எதுவும் ரத்தம்தான்,
நேற்றைய கிரேவி உட்பட.
சர்க்கரைக்கு ரேஷன் நீங்கிய மறுவருடம்
வண்ணம் வந்தது.
ஆஸ்வின் கெம்ப் பாகு காய்ச்சினான்.
லைட்பாய்களின் நாக்கெல்லாம் சிவப்பு.
பார்க்க வந்த கசாப்புக்கடை நன்
முகம் சுளித்தார்:
"இவ்வளவு சிவப்பு எந்த மாட்டுக்கும் கிடையாது."
"மாடு டிக்கெட் வாங்காதே," என்றான் ஆஸ்வின்.

இத்தாலியில் இரண்டு வருடம்
ஸ்ட்ரெச்சர் தூக்கியவன் அவன்.
கேன்டீனில் இறைச்சி என்றால்
தட்டை என் பக்கம் தள்ளிவிடுவான்.
ஒருமுறை மட்டும், ரசீது நீட்டும்போது,
கேட்காமலே சொன்னான்:
ஒரு மணி நேரத்தில் பழுப்பாகிவிடும்,
நிஜமாக இருந்தால்.
நான் ரசீதில் முத்திரை குத்தினேன்.
வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

மார்பில் ஆப்பு இறங்கும் ஓசைக்கு
முட்டைக்கோஸ், ஆறு.
தணிக்கை வாரியத்திலிருந்து கடிதம்:
'இரண்டாம் ரீலில் ஓசை மிகை.'
முட்டைக்கோஸ், மூன்று.
மிச்சம் சூப்.

பிரபுவாக நடித்த ஆல்ரிக் ஃபென்டன்
வெள்ளிக்கிழமைதோறும் உறைக்கு வருவார்,
பற்களைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு.
சாவுக்குத் தனிப்படி உண்டு: இரண்டு பவுண்டு.
பதினோரு படம், பதினோரு சாவு.
சிலுவையால், நெருப்பால், ஓடும் நீரால்,
ஒருமுறை ஜன்னல் திரையைச் சும்மா விலக்கியதால்.
அந்த வெயில் ஐந்து கிலோவாட் விளக்கு.
அது மட்டும் வாடகைக்கு, நாளொன்றுக்கு.

ஷில்லிங் ஒழிந்த வருடம்
எங்கள் கணக்கும் குழம்பியது.
அமெரிக்கப் பணம் வருவது நின்றது.
லண்டன் தியேட்டரில், டாஃப்னி அலறும் இடத்தில்,
நீள்முடிப் பையன்கள் சிரித்தார்களாம்.
டாஃப்னியும் பின்வரிசையில் இருந்தாளாம்.
பங்குதாரர்கள் உட்கார்ந்து பேசி
ஆப்பு வைத்தார்கள்,
இம்முறை முட்டைக்கோஸ் செலவில்லாமல்.

ஏலத்தில் சவப்பெட்டிகள் முதலில் போயின.
ஒரு பண்ணைக்காரர் இரண்டை எடுத்தார்,
கோழித்தீவனம் போட்டுவைக்க,
மூடி இறுக்கமாக இருக்கிறதாம், எலி புகாது.
சுவரை யாரும் கேட்கவில்லை.

நான் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தபோது
ஃபென்டன் வந்தார், தொப்பியைக் கையில் பிடித்து.
கடைசிச் சாவுக்குப் படி வரவில்லை என்றார்,
வெட்கத்தோடு.
பேரேட்டைப் புரட்டினேன். உண்மைதான்.
பெட்டகம் காலி.
என் பையிலிருந்து இரண்டு நோட்டு எடுத்து வைத்தேன்.
பணம் யாருடையது என்று அவர் பார்க்காதபடி
வௌவாலைப் பற்றி ஏதோ கேட்டேன்.

கையெழுத்திட்டார்.
பேனாவைத் துடைத்துத் திருப்பித் தந்தார்.
வெளியே, அந்த ஊரில் அபூர்வமாக, நல்ல வெயில்.
தொப்பியைப் போடாமலே
பஸ் நிறுத்தம்வரை அதில் நடந்து போனார்.