மூன்றாம் பல்

முசாஃபாவிலிருந்து ருவைஸ்
இருநூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம்.
பதினான்கு பேரைத் தூங்கவைத்துக் கொண்டுபோகிறேன்.
தூங்கக் கூடாத ஒருவனுக்குத்தான்
இந்த வண்டியில்
உட்காரவும் இடமில்லை.

சீட்டு இருக்கிறது. சாயவும் சாயும்.
சாய்ந்தால் ஸ்டியரிங் எட்டாது,
எட்டினால் முட்டி இடிக்கும்,
முட்டி தப்பினால் இடுப்புக்குப் பின்னால்
கை நுழையும் அளவு வெறும் காற்று.
அந்தக் காற்றின் மேல்தான் ஆறு வருஷமாய்
என் முதுகெலும்பு சாய்ந்திருக்கிறது.

முதலில் மணி கோத்த விரிப்பு வாங்கினேன்.
கேம்ப்புக்கு வந்து சட்டையைக் கழற்றினால்
முதுகெங்கும் வட்டம் வட்டமாய்,
யாரோ சில்லறை எண்ணி வைத்ததுபோல.
அடுத்தது பஞ்சுத் திண்டு:
தாரிஃப் தாண்டுவதற்குள் அப்பளம்.
அப்புறம் நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் மெத்தை.
அதைப் பார்த்த வெல்டர்கள்
அன்று மட்டும் தூங்காமல்
ருவைஸ் வரை சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

ஃபோர்மேன் மொய்தீனிடம் சொன்னேன்.
"ஓடுதுல்ல?" என்றார்.
வண்டியைக் கேட்டாரா
என்னைக் கேட்டாரா.

மருந்துக்கடை லிஸிதான்
வலிமாத்திரையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"பேன்ட் பின்னாடி அது என்ன, சேட்டா?"
எடுத்துக் கவுண்டரில் வைத்தேன்.
லைசென்ஸ், ஐடி, கேம்ப் அட்டை,
மூன்று வருஷம் பணம் அனுப்பிய ரசீதுகள்,
மையெல்லாம் பறந்து வெறும் வெள்ளைத் தாளாக.
"இதுமேல உட்கார்ந்தா இடுப்பு கோணாதா?"
அனுப்பியதெல்லாம் ஊருக்குப் போய்விட்டது,
தடிமன் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

அன்றிலிருந்து பர்ஸ் டாஷ்போர்டில்.
வலி பாதியாயிற்று.
மீதிப் பாதி ஷேர் குல்லிடம் இருந்தது.

ராத்திரி வண்டி அவனுடையது, அல் ஐன் டிரிப்.
ஆளைப் பார்த்ததில்லை.
நான் சாவியை ஆணியில் மாட்டிப் போனபின் வருவான்,
நான் எழுமுன் மாட்டிவிட்டுப் போவான்.
ஆனால் அவன் கால் நீளம் எனக்குத் தெரியும்.
விடிகாலை நாலு மணிக்கு
சீட்டு எட்டாம் பல்லில் கிடக்கும்.
கம்பியை இழுத்துப் பல் பல்லாய் எண்ணி
மூன்றுக்கு வருவேன்.
சாய்வுக் குமிழை ஒரு நாள் ஏழு திருகு,
ஒரு நாள் ஒன்பது.
சரியாக அமைவதற்குள் மிர்ஃபா.
அவனுக்கும் அப்படித்தான்
அல் ஐன் வந்திருக்கும்,
நான் தமிழில் சொன்னதை
அவன் பஷ்தூவில் சொல்லியிருப்பான்.

ஒரு சனிக்கிழமை டயருக்கு எழுதும் மஞ்சள் சாக்கட்டியால்
மூன்றாம் பல்லுக்கு நேரே ஒரு கோடு போட்டேன்.
எனக்காகத்தான்,
இருட்டில் எண்ண வேண்டாமே என்று.

மறுநாள் எட்டாம் பல்லில்
பச்சை இன்சுலேஷன் டேப்.

அதற்கடுத்த வாரம் சீட்டின் முதுகில்
சுருட்டிய துவாலை ஒன்று,
இரண்டு ஷூ லேஸ் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.
எனக்கு அது தோள்பட்டையில் குத்தியது.
நாலு விரற்கடை கீழே இறக்கினேன்.
காற்று இருந்த இடத்தில்
முதல் தடவையாக ஏதோ இருந்தது.
சாயங்காலம் நினைவாய் மேலே ஏற்றிவைத்தேன்.

நேற்று விடிகாலை ஏறி உட்கார்ந்து
கம்பியைத் தேடிக் குனிந்தேன்.
மஞ்சள் கோட்டில் நின்றது சீட்டு.
துவாலை நாலு விரற்கடை கீழே.
ஸ்டார்ட் பண்ணாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.
பின்னாலிருந்து எவனோ, "என்னண்ணே, பேட்டரியா?" என்றான்.

இன்று இரவு யார்டில் எஞ்சினை நிறுத்திவிட்டு
எட்டாம் பல்லுக்குத் தள்ளினேன்.
பிரேக் என் காலுக்கு எட்டவில்லை.
ஸ்டியரிங்கைப் பிடித்து எக்கி,
உத்தேசமாக அவன் உயரத்துக்குத்
தலையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.
பாதிக் கண்ணாடியை மறைத்துக்கொண்டு
நான் இறக்கிய வெயில் மறைப்பு.

மடக்கி மேலே ஏற்றிவிட்டு
இறங்கினேன்.