பட்டு விடாது

முசியே தெலவாலின் கண்ணாடி உருளையைச்
சக்கரம் சுற்றித் தேய்ப்பது என் வேலை.
புதுச்சேரிக் கடற்காற்றில் பொறி பிறக்காது;
மூன்று நாள் கணப்புச்சட்டி அருகே
பச்சை உடம்புக்காரியைப் போல அதைக் காத்தேன்.

சனிக்கிழமை இரவு, நாற்பது மெழுகுத்திரி.
தந்திப் பெட்டி வாசித்த மதாம்
சுருதி கலைந்ததற்குக் கடலைத் திட்டினாள்.
அப்புறம் எல்லோரும் கைகோத்து வளைந்து நின்றார்கள்:
குப்பியை ஏந்திய பாதிரியார்,
சிரிப்பை அடக்க முடியாத மதாம், இன்னும் சிலர்,
நடுவில் துபாஷ் சேஷாசலச் செட்டியார்,
குமிழைத் தொடவேண்டிய கப்பித்தான்.

செட்டியார் தோளில் கிடந்த பட்டை எடுத்து
இரு கையிலும் மடித்துச் சுற்றி
அதற்கப்பால்தான் அவர்கள் விரலைப் பிடித்தார்.
பட்டுக்குத் தீட்டில்லை.

கப்பித்தான் தொட்டான். ஒன்றுமில்லை.
கண்ணை மூடிக்கொண்டு மறுபடி. ஒன்றுமில்லை.
பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள்.
"இந்த ஊர்க் காற்று," என்றார் முசியே,
வியர்வையைத் துடைத்தபடி.
செட்டியாரும் தலையாட்டினார்: காற்றேதான்.

இரும்புக் கோலை உத்தரத்திலிருந்து
பட்டுக்கயிற்றில் தொங்கவிடச் சொன்னவர் இதே முசியே.
பட்டு விடாது, சணல் ஒழுகும் என்று
அரைகுறைத் தமிழில் எனக்கு விளக்கியவர்.
நான் வாயைத் திறக்கவில்லை.
என் கூலி சக்கரத்துக்கு.

பல்லக்குகள் போனபின் மேசையை ஒழித்தேன்.
ஒரு கையில் குப்பி; ஈர மறுகை
குமிழில் பட்டது.

அத்தனை பேருக்கென்று வைத்திருந்த இடி
தோளேறி நெஞ்சில் உதைத்தது.
தரையில் கிடந்து, எழுந்திருக்க முடியாமல் சிரித்தேன்.
சமையற்கட்டிலிருந்து மரியாயி ஓடிவந்து
"குடிச்சியாடா ராயப்பா?" என்று
மீன்கழுவிய கையைக் கொடுத்தாள்.