சுமைகூலி

டிராம் டிக்கெட் இயந்திரங்களுக்குக்
குறிப்பேடு எழுதுகிற நிரல்.
நான் எழுதியதல்ல. யாரோ ஓர் ஒன்ட்ரெய்,
வேலையை விட்டுப் போய் மூன்று வருடமாகிறது.
புர்னோவில் யாராவது ஒருவர்
டிராமில் ஏறிச் சீட்டைத் துளைத்தால்
இருநூறு எழுத்து.
ஒன்ட்ரெய் அவற்றை
ஒவ்வொன்றாகக் கெர்னலுக்குள் கொடுத்தனுப்பியிருக்கிறான்.

இருநூறு முறை கதவு.

கதவென்றால் சும்மா கதவில்லை.
கையிலிருப்பதையெல்லாம் இறக்கி வைக்க வேண்டும்:
எண்ணிக்கொண்டிருந்த எண்,
நின்ற வரி,
திரும்பி வரவேண்டிய முகவரி.
அந்தப் பக்கம் வேறு அடுக்கு, வேறு அதிகாரம்.
ஒரே ஒரு காற்புள்ளியை ஒப்படைத்துவிட்டு
இறக்கியதை எல்லாம் ஏற்றிக்கொண்டு
திரும்பி வந்தால்
கைக்கெட்டக் கிடந்த சாமான்களை
யாரோ பரணில் போட்டிருக்கிறார்கள்.

சுண்டைக்காய் கால் பணம்.

சில்லுக்குள் இருந்த சுவர் கசிகிறதென்று
தெரியவந்த ஜனவரிக்குப் பிறகு
கூலி இன்னும் ஏறிவிட்டது.
அதுவரை இரு தரப்புக்கும் ஒரே வரைபடம்தான்.
இந்தப் பக்கத்தைப் பார்க்காதே என்று
ஓரத்தில் ஒரு குறி போட்டிருந்தார்கள், போதுமாயிருந்தது.
இப்போது ஒவ்வொரு தடவையும்
வரைபடத்தையே பிடுங்கிக்கொண்டு வேறொன்றை நீட்டுகிறார்கள்.
நம்பிக்கை போனபின் ஆகிற செலவை
நானோ வினாடியில் அளப்பது என் உத்தியோகம்.

வீட்டில்தான் வேலை. ஜன்னலுக்கு வெளியே
ஷிதெனிட்ஸெ கூரைகளில் அழுக்குப் பனி.
"அம்மா, கத்தரிக்கோல் எங்கே?"
"அம்மா, காண்டாமிருகம் தூங்குமா?"
பதில் சொல்ல இரண்டு வினாடி.
விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம்.
போன இலையுதிர் காலத்தில்
யொஹான்காவுக்கு ஒரு மஞ்சள் தாள் கட்டு வாங்கித் தந்தேன்.
எல்லாவற்றையும் எழுதி வை,
ஆறு மணிக்கு மொத்தமாகக் கொண்டு வா.
நன்றாகவே நடந்தது.

அதே தந்திரம்தான் ஒன்ட்ரெய்க்கும்:
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எழுத்து சேரட்டும்,
பிறகு ஒரே ஒருமுறை கதவு.
வரைகோடு செங்குத்தாக விழுந்தது.
பொஹுமில் கட்டைவிரல் அனுப்பினான்,
பின்னாலேயே ஒரு கேள்வியும்:
நிரல் பாதியில் செத்தால்?

கொன்று பார்த்தேன்.
சேர்ந்து காத்திருந்தவை நாலாயிரத்துப் பதினொன்று.
ஒன்றுகூட அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.
இருபது பேர்
டிராமில் ஏறவே இல்லை என்று ஆயிற்று.

ஆறு மணிக்கு அவள் வந்தாள்.
தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.
ஒரே வரி: ஒன்றுமில்லை.
விளக்கருகே சாய்த்துப் பிடித்தால்
அதற்கு மேலே ஏழெட்டு வரிகள்,
ரப்பரால் அழித்தவை.
பென்சிலின் பள்ளம் மட்டும் இருக்கிறது.
"ஏன்" என்பது தெரிகிறது.
பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று தெரிகிறது.
மிச்சத்தைப் படிக்க முடியவில்லை.

நிரலில் ஒரு வரி சேர்த்தேன்:
நிரம்பாவிட்டாலும் வினாடிக்கு ஒருமுறை அனுப்பு.
கொஞ்சம் மெதுவாகும். ஆகட்டும்.

பிறகு இறக்கி வைத்தேன்,
எண்ணிக்கொண்டிருந்த எண்ணை,
நின்ற வரியை.
திரும்ப வேண்டிய முகவரியை
எங்கும் குறித்துக்கொள்ளாமல்
நடைவழியைக் கடந்து போய்
அவள் கதவைத் தட்டினேன்.