மூன்று புள்ளி

மில்வாக்கியில் ஜனவரி. ஏரி பாதி உறைந்துவிட்டது,
மீதி யோசித்துக்கொண்டிருக்கிறது.
ஏழாம் மாடியில் ஹீட்டர் இருமுகிறது.
ஒருவர் சொன்னதாகச் சொல்வதை
அவர்தான் சொன்னாரா என்று பார்ப்பது என் வேலை.
சம்பளம் சுமார். காது வலி நிச்சயம்.

இன்றைக்கு வந்தது இது.
வானொலியில் அரசியல் பேசும் வேட் ஹாலரன் சொன்னாராம்:
"கருத்தடை மாத்திரை விழுங்கும் பெண்களுக்கு… ஓட்டு எதற்கு?"

எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது.
இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன்.
சொல்லியிருப்பான் என்றது வயிறு.
வயிறு ஆதாரம் ஆகாது.

நடுவில் அந்த மூன்று புள்ளி.
ஆய்த எழுத்தின் முக்கோணத்தைக் கலைத்து
யாரோ தரையில் வரிசையாக உட்காரவைத்ததுபோல்.
அதன் வழியாக உள்ளே இறங்கினேன்.

இருபத்தொன்பதாம் நிமிடம்:
"கருத்தடை மாத்திரை விழுங்கும் பெண்களுக்கு
நான் எதிரி இல்லை, அது அவர்கள் பாடு, டாக்டர் பாடு."
அப்புறம் மெத்தை விளம்பரம்.
பனிக்கால டயர்.
வாவட்டோசாவிலிருந்து ஒருவர்
பள்ளிக்கூட வரியைத் திட்டித் தீர்க்கிறார்.
நாற்பதாம் நிமிடம்:
"செத்தவன் பேரில் ஓட்டு எதற்கு?"

பதினொரு நிமிடத்தை
மூன்று புள்ளிக்குள் மடித்துவிட்டார்கள்.
கைதேர்ந்த தையல். திருப்பிப் பார்த்தால்தான் முடிச்சு.

நிறைமதி போனில் கேட்டாள்:
"நீ எப்போதிலிருந்து அவன் பக்கம்?
வாயால் சொல்லாவிட்டால் என்ன, மனசில் அதுதானே?"
மனசைச் சரிபார்க்க
ஆபீசில் எனக்கு மெஷின் தரவில்லை என்றேன்.
வைத்துவிட்டாள்.

'திரிக்கப்பட்டது' என்று தட்டிவிட்டு
மூடியிருக்கலாம்.
பாழாய்ப்போன பழக்கம், கடைசிவரை கேட்டேன்.

இரண்டு மணி ஆறாம் நிமிடம், சிரித்துக்கொண்டே:
"என் மகளுக்குப் பத்தொன்பது. அவளும் கேட்டாள், அந்த மாத்திரை.
டாக்டர் நம்ம ஆள்.
ஒரு போன் போட்டேன். வெறும் சத்து மாத்திரைதான் கொடுத்தார்.
அவளுக்கு இன்னும் தெரியாது."
ஸ்டூடியோவில் இரண்டு பேர் சிரிக்கிறார்கள்.
ஒருவர் மேசையைத் தட்டுகிறார்.
அப்புறம் மறுபடி மெத்தை.

ஓடினேன் டெலோரஸிடம்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கேட்டாள்:
"இதை அவர் சொன்னதாக யாராவது சொல்கிறார்களா?"
இல்லை.
"அப்படியென்றால் சரிபார்க்க என்ன இருக்கிறது?"
அவளுக்கும் முகம் சரியாக இல்லை.
சன்னலைப் பார்த்தபடி,
"டாக்டர் பெயர் சொன்னானா?" என்றாள், மெதுவாக.

சொல்லவில்லை. மகள் பெயரும் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு 'திரிக்கப்பட்டது' வெளியானது,
அவன் மடியில் நானே போட்ட வெற்றி.
அவன் ஆட்கள் நன்றி அனுப்புவார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக்கடை,
பூட்ஸில் உப்பும் சேறும்.
மாதாமாதம் வாங்குவதுதான்.
கவுன்டர் பையன் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்
பிறந்த தேதி கேட்டான். சொன்னேன்.
முகவரி. சொன்னேன்.

அட்டையைக் கையில் தந்ததும்
ஓரமாக நின்று
பின்பக்கத்து எழுத்தை வாசித்தேன்.
எட்டு வருஷத்தில் முதல் தடவை.
ஒவ்வொரு குமிழாக.