வினைத்தொகை

ஹல் துறைமுகத்தில், பழைய மீன்கிடங்கின் மாடியில்
எங்கள் ஆய்வகம். கோடையில் இன்னும் கவிச்சி அடிக்கும்.
நானூற்றுப் பதினோரு பையன்களை
எட்டு வயதில் எண்ணிட்டு வைத்தார்கள்
எனக்கு முந்தியவர்கள்.
கோப்புகள் என் கைக்கு வந்தபோது
பையன்களுக்கு ஐம்பத்தாறு வயது.

ஆளுக்கொரு கோடு.
தண்டனைக்கொரு புள்ளி.
பாதிக்கு மேல் வெறுங்கோடுகள்.
பதினேழுக்கு நேரே மட்டும்
சர்க்கரை சிந்திய இடம்போல் மொய்த்துக் கிடக்கும்.
முப்பதுக்குள் கலைந்துபோகும்,
யாரும் ஊதாமலே.

குற்றத் தொழில்வாழ்க்கை என்று அறிக்கையில் எழுதுவோம்:
தொடக்கம், நீட்சி, ஓய்வு.
சேமநிதி பற்றிக் கேள்வி இல்லை.

எண் 207. டெரிக் ஓல்ட்ராய்டு.
கடைசிப் புள்ளி இருபத்தொன்பதில்:
ஆளில்லா வீட்டின் செப்புக் குழாய்.
அப்புறம் இருபத்தேழு வருடம்
கோடு மட்டும்.

ஹெஸில் சாலையில் அவர் சமையலறை.
நாற்பத்தோராம் கேள்வி, ஏன் நிறுத்தினீர்கள்?
திருமணம், வேலை, மதம், நோய், பயம், மற்றவை.
வெகுநேரம் யோசித்தார்.
"ஒருநாள் ஏணியில் ஏறினேன். முட்டி வலித்தது.
இறங்கி வீட்டுக்கு வந்து டீ போட்டேன்."
மற்றவை.

தன் கோட்டைப் பார்க்க வேண்டும் என்றார்.
விதிப்படி கூடாது.
எரிவாயு பில் வந்த உறையின் முதுகில் வரைந்து காட்டினேன்.
என் பேனாவை வாங்கி
அந்த வெறுமையில்
நிதானமாக நான்கு புள்ளி வைத்தார்.
"நீங்கள் எண்ணியது நான் அகப்பட்டதை."
நான்காவதன் பக்கத்தில்
சின்னதாக ஒரு ஏணி.

அவரிடம் சொல்லவில்லை,
எங்கள் மொழியில் காலத்தை விழுங்கிய சொற்கள் உண்டு என்று.
திருடுகரம் என்றால்
திருடிய கரம், திருடுகிற கரம், திருடப்போகும் கரம்,
மூன்றும் ஒரே கரம்.
நீதிமன்றம் அப்படித்தான் வாசிக்கிறது.
வேலை கேட்டுப் போன இடங்களிலும்.
அரை நூற்றாண்டாய் இந்த மாடியில் நடப்பதெல்லாம்
அந்தச் சொல்லை விரித்து எழுதும் வேலைதான்:
எவன் என்றல்ல,
எப்போது,
எதுவரை.

எதுவரை என்பது
ஆள் செத்த பிறகே உறுதியாகும்.
அதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.

வழியனுப்ப வந்தவர்
மூன்று தாழ்ப்பாளையும் ஒவ்வொன்றாக நீக்கினார்.
"தெரு சரியில்லை. இந்தக் காலத்துப் பையன்கள்."
எதிர்ச் சுவரில் ஒருவன் சாய்ந்து நின்றான்,
செல்பேசியில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு.
பதினேழு இருக்கும்.