மூன்று வட்டங்கள்

லியனோராவுக்கு வடக்கே, வண்டியின் பின்கதவில்
க்ளெனிஸ் மூன்று காயில்களைச் சாய்த்து வைத்திருந்தாள்.

பெரியது ஆழம் கேட்கும்; ஆனால்
இந்தச் செம்மண்ணில் இரும்புக்கல் ஒவ்வொன்றும்
நான்தான் தங்கம் என்று கூவும்.
இரட்டைச் சுருள் அதை அடக்கும்.
அமைதிக்கு விலை
ஒரு சாண் ஆழம்.
சின்னது, உப்பேரிக் கரைக்கு,
ஈரம் முனகும் இடத்துக்கு.

காலை முழுக்க அமைதியாய் நடந்தாள்.
கிடைத்தது: லாட ஆணி, பீர் மூடி, இன்னொரு ஆணி.

மதியம், ஈ மொய்க்கும் உதட்டோடு
பெரியதையே மாட்டினாள்.
காதுக்குள் ஊர்ச் சண்டை.
அதன் நடுவில் யாரோ
மூச்சை உள்ளே இழுத்தது போல
ஒரு சத்தம்.

முழங்கை புதையத் தோண்டியவளிடம்
வறண்ட ஓடையிலிருந்து ராஸ்கோ கத்தினான்:
"என்ன அங்கே?"

"ஆணி" என்றாள்,
விரல்களை மூடிக்கொண்டு.