தரை

சம்மாந்துறை மில்லில், வெள்ளை லொறி
பின்பக்கமாய்க் கமராவுக்குள் நுழையும்போதெல்லாம்
மூலையில் நின்று மூட்டை எண்ணும் கனகசூரியம்
ஆளே இல்லாமல் போனார்.
நாலு தடவை.
நாலு தடவையும் கணக்கில் மூட்டை குறைவு.
"பாருங்க, லொறி வந்தா ஆளக் காணல்ல"
என்றார் ஹாஜியார், ரீவியைத் தட்டி.

முதலில் கேபிளைப் பார்த்தேன்.
நூற்றியிருபது மீற்றர். நெல்லுத் தூசு, எலிப்பல்.
கமராவின் மெல்லிய குரல் இவ்வளவு தூரம் தாங்காது.
கமராவடியில் ஒரு திரான்சிஸ்டர் வைத்தேன்:
சொன்னதை மாற்றாமல்
சுமக்கத் தோள் மட்டும் கொடுப்பது.
படத்தின் ஓரங்கள் தெளிந்தன. லொறி வந்தது.
மூலை மறுபடி இருட்டு.

மறுகாதான் பிடிபட்டது.
நடுவில் இருந்த கண்டென்சர்
அசைவை விடும், நிலையை விடாது.
வெள்ளை கூடினால் சராசரி ஏறும்;
அதைச் சரிக்கட்டக் கறுப்பு கீழே போகும்,
கூடவே சாம்பல் சட்டைக்காரரும்.

ஒரு டயோட், ஒரு ரெசிஸ்டர்.
தேத்தண்ணி விலைகூட வராது.
ஒவ்வொரு கோடு தொடங்கும்போதும்
துடிப்பின் அடியைப் பிடித்து
இதுதான் உன் தரை என்று நிறுத்தும்,
நொடிக்குப் பதினையாயிரம் தடவை,
அலுக்காமல்.

பின்னேரம் அதே லொறி.
மூலையில் கனகசூரியம்:
காதில் பென்சில், உதட்டில் எண்.
அசையவே இல்லை.
கணக்கு அப்போதும் இரண்டு மூட்டை குறைவு.

ஹாஜியார் ரிமோட்டை எடுத்துச்
சத்தத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார்.
அந்தக் கமராவுக்குச் சத்தம் கிடையாது.